இரண்டே அசை

மே மாதம் இரண்டாம் வாரம், ஏரியின் பனிக்கட்டி உடைந்து கரையில் குவிந்துகொண்டிருந்தபோது, ரஸ்ஸல் ட்ரெவார்த்தன் என் அலுவலகத்துக்கு வந்து மேசைமேல் ஒரு விசிட்டிங் கார்டை வைத்தார்.

"வெர்னா, இதுல என்ன தப்புன்னு சொல்லு பார்ப்போம்."

கார்டுகளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. மேல் மிச்சிகனின் மூன்று கவுண்டிகளில் வீடு விற்பவர்களுக்கான சங்கம் எங்களுடையது. அறுபத்துச் சொச்சம் உறுப்பினர்கள், ரஸ்ஸல் அவர்களில் ஒருவர். சம்பளத்துக்கு இருப்பவள் நான் ஒருத்தி. 'ரீல்டர்' என்ற வார்த்தையைத் தேசியச் சங்கம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. வீடு விற்றுக் கொடுப்பவர் எல்லோரும் ஏஜெண்ட். சங்கத்தின் உறுப்பினர் மட்டுமே ரீல்டர். அந்த வார்த்தை முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' எழுத்து. ஆளின் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டுத்தான் அது வர வேண்டும். 'சிறந்த', 'உங்கள் அன்பான', 'நம்பர் ஒன்' எதுவும் அதன் முன்னால் ஒட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது: அந்த இடத்தில் 'உறுப்பினர்' என்று போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அர்த்தம் வந்தால் சரி.

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பெயர், காற்புள்ளி, பெரிய எழுத்து, வட்டம். என் மேசைக்கு அப்படியொரு சுத்தமான கார்டு வந்து மாதங்கள் ஆகியிருந்தன.

"ஒரு தப்பும் இல்லையே."

"பேரைப் படிச்சியா?"

இர்யா நிஸ்கனென். போன நவம்பரில் அவருடைய அடக்கத்துக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு போனவள் நான். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்து நீக்கியவளும் நானே.

"பழைய கார்டா இருக்கும்" என்றேன்.

"போன சனிக்கிழமை குடுத்திருக்கா. இர்யாவோட வீட்டைப் பார்க்க வந்த சிகாகோக்காரங்களுக்கு. செத்த ஆளு எங்கேயாவது கார்டு குடுக்குமா? டானெட்தான் குடுத்திருக்கா. அந்தம்மா பேரை வெச்சுப் பொழைக்கிறா." மடித்து வைத்திருந்த புகார்த்தாளை எடுத்துக் கார்டின் பக்கத்தில் வைத்தார். "ஒரு ரீலட்டர் இப்படிப் பண்ணலாமா?"

வார்த்தை ரீல்டர். இரண்டே அசை. பாதி அமெரிக்கா நடுவில் ஒன்றைச் செருகி ரீலட்டர் என்கிறது. ரஸ்ஸலுக்குச் சரியாகச் சொல்லத் தெரியும். இர்யாவை எரிச்சலூட்டவென்றே இருபது வருஷம் அப்படிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நாக்கு அப்படியே பழகிவிட்டது.

டானெட் ப்ரூலோ பதினோரு வருஷம் இர்யாவிடம் கூட்டாளியாக இருந்தவள். இர்யாவின் சொந்த வீட்டை, அரிசோனாவிலிருக்கும் அவருடைய அண்ணன் மகனுக்காக இப்போது அவள்தான் விற்றுக்கொண்டிருந்தாள். நல்ல உழைப்பாளி. ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவள் கையில் நேராக வராது. ஒருமுறை தன் வண்டிக் கதவில் 'வாழ்நாள் முழுக்க உங்கள் ரீல்டர்' என்று சின்ன எழுத்தில் எழுதி வைத்தாள். அது முதல் குற்றம். உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்தில் 'ஏரிக்கரையின் செல்ல ரீல்டர்' இரண்டாவது. எங்கள் சங்க விதிப்படி மூன்றாவதுக்கு மன்னிப்பு கிடையாது. உறுப்பினர் பதவி போகும். விற்பனைக்கு வரும் வீடுகளின் பொதுப் பட்டியலும் அதோடு போகும். பட்டியல் கையில் இல்லாமல் இந்த மூன்று கவுண்டிகளில் ஒரு கோழிக்கூண்டைக்கூட விற்க முடியாது. டானெட்டுக்கு வயது நாற்பத்தொன்பது. வேறு தொழில் தெரியாது.

மறுநாள் காலையில் டானெட் வந்து உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"நான் குடுக்கல, வெர்னா."

"உன்கிட்ட அவங்க கார்டு மிச்சம் இருக்கா?"

"எல்லாத்தையும் பெட்டியோட அடுப்புல போட்டேன். அவங்களே சொல்லிட்டுப் போனாங்க, நான் இல்லாதப்போ என் பேரு ஊர் சுத்தக் கூடாதுன்னு." கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இதைப் பாருங்க. காற்புள்ளி எங்க இருக்கணுமோ அங்க இருக்கு. நான் அடிச்சிருந்தா இதுல ஒரு தப்பாவது இருக்கும். அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஆனால் விசாரணைக் குழுவின் முன் அதை வாதமாக வைக்க முடியாது.

சிகாகோக்காரருக்கு போன் செய்தேன். தியோ பாப்பஸ், பல் டாக்டர். கோடைக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு வேண்டும் என்று மனைவியோடு வந்திருந்தவர்.

"ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. நாங்க போனப்போ கதவு திறந்திருந்துச்சு. சமையலறையில அந்தம்மா நின்னுட்டிருந்தாங்க. சாம்பல் கலர் ஸ்வெட்டர். வீடு முழுக்கச் சுத்திக் காட்டினாங்க. நிலவறையில வடக்குச் சுவர் ஓரமா ஈரம் ஏறும்னு அவங்களே சொன்னாங்க. விக்க வந்தவங்க இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல."

"பேர் சொன்னாங்களா?"

"கார்டுதான் குடுத்தாங்க. 'எங்க ஊர்ல இப்படி ஒரு ரீலட்டர் கிடையாது'ன்னு சும்மா பாராட்டினேன். உடனே திருத்திட்டாங்க. 'ரெண்டே அசை, கண்ணு'ன்னு." சிரித்தார். "அப்புறம் அவங்க மாடிக்குப் போனாங்க. நாங்க வெளியே வந்து காரை எடுக்கிறப்போ இன்னொரு லேடி அவசரமா வந்தாங்க. லேட்டாயிடுச்சுன்னு மன்னிப்புக் கேட்டாங்க. அவங்க யாரு, அசிஸ்டெண்டா?"

கதவில் தொங்கும் சாவிப்பெட்டி யார் எப்போது திறந்தாலும் பதிவு செய்யும். பதிவை வரவழைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை ஒரே ஒரு முறைதான் திறந்திருக்கிறது. ஒன்று இருபத்திரண்டுக்கு, டானெட்டின் எண்ணில். பாப்பஸ் தம்பதி அதற்குள் வீட்டைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கிழவிகள் யாராவது உரிமையோடு உள்ளே புகுந்திருக்கலாம் என்று நினைத்தேன். இந்த ஊரில் அது நடக்கக் கூடியதே. ஆனால் அந்தத் தெருவில் பக்கத்து வீடு என்று இருப்பவை இரண்டு. இரண்டும் கோடை வீடுகள், ஜூன் மாதம்தான் திறக்கும்.

வியாழக்கிழமை மதியம் டானெட்டோடு அந்த வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். சாமான்கள் எல்லாம் போய்விட்டதால் அறைகளில் எங்கள் காலடி பெரிதாகக் கேட்டது. சுவர்களில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுக்காமல் சதுரம் சதுரமாக இருந்தன.

"இங்க என்ன தேடுறோம்?" என்றாள் டானெட்.

"கார்டு மிச்சம் ஏதாவது இருக்கான்னு."

கார்டு இல்லை. சமையலறை மேடையில், வருகிறவர்கள் எடுத்துப் போக டானெட் வைத்திருந்த நோட்டீஸ்கள் இருந்தன. வீட்டின் படம், அறைகளின் அளவு, கீழே அவள் பெயர். மேலே கிடந்ததை எடுத்தேன். 'டானெட் ப்ரூலோ, நம்பிக்கையான ரீல்டர்' என்று அச்சாகியிருந்தது. 'நம்பிக்கையான' என்பதை யாரோ பென்சிலால் அடித்திருந்தார்கள். ரீல்டரின் ஒவ்வொரு எழுத்தின் கீழும் மூன்று சின்னக் கோடுகள். அச்சகத்தில் பெரிய எழுத்தாக்கச் சொல்லும் குறி அது. இர்யா வீடு விற்க வருவதற்கு முன் ஆறு வருஷம் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தினார். சங்கத்துக்கு அவர் அனுப்பிய தாள்களில் முப்பது வருஷம் நான் பார்த்த கோடுகள் இவை.

அடுத்த தாளை எடுத்தேன். அதற்கடுத்ததை. முப்பது தாளிலும் அதே திருத்தம். கடைசித் தாளிலும் அவசரமில்லாத அதே கோடுகள்.

"நேத்து சாயங்காலம்தான் வெச்சேன்" என்றாள் டானெட். "ஐயோ, மறுபடியும் தப்பா அடிச்சிருக்கேனா?"

அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அப்போது காதில் விழுந்தது, தொட்டியில் குழாய்த் தண்ணீர் நூல்போல் ஒழுகும் சத்தம். குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க இங்கே எல்லா வீட்டிலும் அப்படித் திறந்து விடுவார்கள்.

"வெர்னா" என்றாள் மெதுவாக. "நவம்பர்லயே தண்ணியை நிறுத்தியாச்சு. குழாயைக் காலி பண்ணினப்போ நான் பக்கத்துல நின்னேன்."

குழாயை இறுக்கி மூடினாள். நாங்கள் வாசல் கதவைப் பூட்டும்போது அது மறுபடியும் ஒழுகிக்கொண்டிருந்தது. காரில் ஏறிய பிறகு டானெட் கேட்டாள்: "இதை எல்லாம் குழு முன்னாடி சொன்னா நம்புவாங்களா?"

"நீயே எழுதி வெச்சதுன்னு ரஸ்ஸல் சொல்வார். அந்த நோட்டீஸே மூணாவது குற்றமாயிடும்."

"அப்போ நான் முடிஞ்சேன்."

விசாரணை ஜூன் நான்காம் தேதி காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் நடந்தது. கீழே இரும்புக்கடை, மேலே நாங்கள். குழுவில் மூன்று உறுப்பினர்கள். தலைவர் கோர்டன் சாரெலா, எழுபது வயது, இரண்டு காதிலும் கருவி. நான் ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்து இயக்கினேன். விசாரணையை ஒரு வார்த்தை விடாமல், பேசியவர் பெயரோடு தட்டச்சு செய்து குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அதைப் படித்த பிறகே தீர்ப்பு.

ரஸ்ஸல் நின்றுகொண்டு பேசினார்.

"செத்தவங்களுக்கு மரியாதை வேணும், கோர்டன். அவ்வளவுதான் என் கேஸ். இர்யாவும் நானும் ஒரு நாளும் ஒத்துப் போனதில்ல. ஆனா அவங்க நல்ல ரீலட்டர். அவங்க பேரை இன்னொரு ரீலட்டர் திருடினா நாளைக்கு எந்த ரீலட்டரை ஜனங்க நம்புவாங்க?"

"நீ ஒத்துப் போகாத ஆளு ஊர்ல எத்தனை பேர்னு கேட்டா நாள் போயிடும்" என்றார் கோர்டன். "டானெட், நீ சொல்லு."

டானெட் மேசையின் கடைசியில், கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷச் சிகரெட் அவள் குரலை ஆண் குரலாக்கி விட்டிருக்கிறது.

"நான் குடுக்கல. யார் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா அதைச் சொன்னா என்னை வேற எங்கேயாவது அனுப்பிடுவீங்க."

"சாவி உன்கிட்ட. வீடு உன் பட்டியல்ல. அவங்க பேரால லாபம் உனக்கு" என்றார் கோர்டன், வருத்தத்தோடுதான். "நீ லேட்டா வந்திருந்தாலும், உள்ள நின்னவங்க நீ அனுப்பின ஆளாத்தானே இருக்கணும்? வேற யாரு குடுத்திருக்க முடியும், சொல்லு."

அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். பதினொன்றரைக்குக் கருவியை நிறுத்தினேன். படியிறங்கும்போது கோர்டன் என்னிடம், "அவளுக்குக் கடிதம் எழுதறப்போ கொஞ்சம் மெதுவான வார்த்தையாப் போடு" என்றார். தீர்ப்பு அவர் மனதில் முடிந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, கீழே யாரோ ஏணி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ரஸ்ஸலின் குரல் வந்தது. 'ஆனா அவங்க நல்ல ரீலட்டர்.'

அதன் பின்னால், மிக அருகில், ஒரு பெண் குரல்: 'ரீல்டர்.'

நிறுத்தினேன். திருப்பி ஓட்டினேன். அது கிசுகிசுப்பாக இல்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர், பேச்சைத் தடுக்காமல் வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. தொடர்ந்து ஓட்டினேன். 'இன்னொரு ரீலட்டர் திருடினா.' 'ரீல்டர்.' 'எந்த ரீலட்டரை.' 'ரீல்டர்.' அன்று ரஸ்ஸல் அந்த வார்த்தையை ஏழு முறை சொன்னார். ஏழு முறையும் திருத்தம் வந்தது. ஏழாவதுக்கு முன் ஒரு பெருமூச்சு. பிறகு, 'ரஸ்ஸல், ரெண்டே அசை.'

அறையில் அன்று பெண்கள் இரண்டே பேர். டானெட்டின் குரல் அப்படி இருக்காது. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு வார்த்தை விடாமல், பேசியவர் பெயரோடு. முப்பத்தோரு வருஷமாக இந்த வேலையை நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். அந்த ஏழு வரிகளையும் விட்டுவிட்டுத் தாளை முடித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விட்டால் டானெட்டின் பதவி போய்விடும். ஏழு இடத்திலும் இடதுபக்கம் 'இர்யா நிஸ்கனென்' என்று அடித்தேன்.

மறுநாள் காலையில் கோர்டன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வெர்னா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"எல்லாரையும் கூப்பிடுங்க. போட்டுக் காட்டறேன்."

அதே மேசை, அதே ஆட்கள். முதல் திருத்தம் வந்தபோது குழுவில் இருந்த இளையவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் ரஸ்ஸல் உட்கார்ந்தார். ஏழாவதில் அவர் பெயர் சொல்லப்பட்டபோது கோர்டன் தன் காதுக் கருவிகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒலிப்பதிவுக் கருவி தானாக ஓடி முடிந்தது.

"அவங்கதான்" என்றார் ரஸ்ஸல். யாரும் கேட்காமலே.

கோர்டன் காதுக் கருவிகளை மறுபடி மாட்டிக்கொண்டார். நாற்பது வருஷம் கூட்டம் நடத்தியவர். விதிப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் பிடித்துக்கொள்ளத் தெரியாது.

"கார்டு குடுத்த தேதியில அவங்க உறுப்பினரா?"

"நான் பேரை அடிச்சிட்டேன்."

"எந்த விதிப்படி அடிச்ச?"

விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். உறுப்பினர் பதவி முடிய மூன்று வழிகள் எழுதியிருக்கின்றன: தானே விலகுவது, ஆண்டுப் படிவத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, குழு நீக்குவது. சாவு அதில் இல்லை. எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. இர்யா இந்த ஆண்டுக்கான படிவத்தை, தன் வழக்கப்படி எல்லோருக்கும் முன்னால், போன அக்டோபரிலேயே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். கோப்பில் அது இருந்தது.

"டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கு" என்றேன்.

கோர்டன் கார்டை எடுத்தார். சோதனையை வாய்விட்டே செய்தார். "இர்யா நிஸ்கனென், உறுப்பினர்." கார்டை மேசைமேல் வைத்தார். "அர்த்தம் வருது."

ரஸ்ஸல் புகார்த்தாளைக் கேட்டு வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சின்னத்தை உரிய உறுப்பினரே முறைப்படி பயன்படுத்தியிருக்கிறார், டானெட் ப்ரூலோ மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டானெட் அழவில்லை. "நன்றி" என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள். அது யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

ஜூலையில் பாப்பஸ் தம்பதி அந்த வீட்டை வாங்கினார்கள். வடக்குச் சுவரை முதலில் சரி செய்தார்கள். அங்கே அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் ஆகஸ்டில் வேறொரு தெருவில், டானெட் விற்கும் காலி வீட்டில், வருகிறவர்களுக்குச் சாம்பல் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் கூரையின் வயதைச் சரியாகச் சொல்லியிருந்தார். செப்டம்பரில் ரஸ்ஸல் விற்கும் வீடு ஒன்றில். ரஸ்ஸல் என்னிடம் அதைச் சொன்னபோது 'ரீல்டர்' என்ற வார்த்தையை இரண்டு அசையில் சொன்னார்.

அக்டோபர் முதல் தேதி ஆண்டுப் படிவங்களை உறையிலிட்டுக்கொண்டிருந்தேன். டானெட் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் கண் என் கைப்பக்கம் தனியாகக் கிடந்த படிவத்தின்மேல் விழுந்தது.

"அது அவங்களுதா?"

"ஆமா. அனுப்ப வேண்டாம்னு வெச்சிருக்கேன். டிசம்பரோட தானே முடிஞ்சிடும். நீயும் நிம்மதியா இரு."

"அனுப்பிடுங்க, வெர்னா."

"உன்னை எவ்வளவு பாடுபடுத்திட்டாங்க."

"இல்ல, யோசிச்சுப் பாருங்க." கையை மேசைமேல் வைத்தாள். "இப்போ அவங்க ரீல்டர். வீட்டைச் சுத்திக் காட்டறாங்க, ஈரம் இருந்தா ஈரம்னு சொல்றாங்க, கார்டு குடுத்துட்டு மாடிக்குப் போயிடறாங்க. யாரும் பயப்படல. வேலையா வந்தவங்கன்னு நினைச்சுட்டுப் போறாங்க. அந்த வார்த்தையை நீங்க எடுத்துட்டா, காலி வீட்டுக்குள்ள நிக்கிற அவங்க யாரு?"

ஜன்னலுக்கு வெளியே ஏரிக் காற்று வலுத்திருந்தது. நான் படிவத்தை எடுத்து மடித்தேன்.

"எந்த முகவரிக்கு அனுப்பறது? அந்த வீட்டை வித்தாச்சு."

"எது காலியா இருக்கோ அதுக்கு."

பொதுப் பட்டியலைத் திறந்தேன். அன்று மூன்று கவுண்டிகளிலும் ஆளில்லாமல் விற்பனைக்கு இருந்தவை பதினான்கு வீடுகள். உறையில் முதலில் அவர் பெயரை எழுதினேன். காற்புள்ளி வைத்தேன். பெரிய எழுத்தில் வார்த்தை, பக்கத்தில் வட்டம். டானெட் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் படித்து, சரி என்பதுபோல் தலையசைத்தாள். அதன்கீழ் முதல் வீட்டின் முகவரியை எழுதத் தொடங்கினேன்.